எண்ணூர் முகத்துவாரம்: ஓதத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அதன் அழுக்கைப் பற்றியது. அனல்மின் நிலையச் சாம்பல், ஆலைக் கழிவு, எண்ணெய்ப் படலம் என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் மிகையாகச் சொல்லப்பட்டது எதுவும் இல்லை. ஆனாலும் புறநகர் ரயிலில் இந்தக் கழிவெளியைக் கடந்துகொண்டும், நேரம் கிடைத்தபோதெல்லாம் இறங்கி நடந்துகொண்டும் இருக்கிற எனக்கு, அழுக்கைவிட அடிப்படையான வேறொரு சிக்கல் இங்கே இருப்பதாகத் தோன்றுகிறது. ஓதத்துக்கு, அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறிப் பரவி, மீண்டும் இறங்கிப் போவதற்கு, வேண்டிய பரப்பு இங்கே ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது. அழுக்கு நின்றுவிட்டால் நீர் என்றாவது தெளியக்கூடும். மேடாகிவிட்ட இடத்தில் ஓதம் ஏறாது.

இதை விளங்கிக்கொள்ள முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீரோடும், ஆந்திர எல்லைக் குன்றுகளிலிருந்து வரும் நகரி, நந்தி ஆறுகளின் நீரோடும் கிழக்கு நோக்கி வரும் கொசஸ்தலையின் நீளம் ஏறத்தாழ 136 கி.மீ.; நீர்ப்பிடிப்புப் பரப்பு 3,700 சதுர கி.மீ.க்கும் அதிகம். கூவத்தையும் அடையாற்றையும் மட்டுமே சென்னையின் ஆறுகளாக நினைத்துப் பழகிய நமக்கு, நகரத்தின் மிகப் பெரிய ஆறு இதுதான் என்பது சற்று வியப்பாக இருக்கும். 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்ட பிறகு அதன் நீர் நகரத்தின் குடிநீராகத் திருப்பப்பட்டதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்த மற்ற மாதங்களில் வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றுநீர் வருவது அரிது. ஆகவே ஆண்டின் பெரும்பகுதியில் இது ஆறு என்ற பெயரில் நிலத்துக்குள் நுழைந்திருக்கும் கடலின் ஒரு கை. கோடை முற்றும்போது, உள்ளே ஆழம் குறைந்த பகுதிகளில் நீர் ஆவியாகி, கடலைவிடக் கூடுதலாகவே உப்புக் கரிக்கும்.

முகத்துவாரத்துக்கு உள்ளே நுழைந்ததும் நீர் பல திசைகளில் பிரிகிறது. மேற்கே ஆற்றின் தடம்; தெற்கேயும் வடக்கேயும் பக்கிங்காம் கால்வாய்; புழல் ஏரியின் உபரிநீர் வந்து கலக்கும் சடையன்குப்பம் பக்கத்துத் தாழ்நிலம். இவை தவிர, காட்டுப்பள்ளித் தீவுக்குப் பின்புறமாக, கடலோரத்துக்கு இணையாக வடக்கே ஓடிப் பழவேற்காடு ஏரியைத் தொடும் நீண்ட உப்பங்கழி ஒன்றும் உண்டு. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டுக்குத் தனி முகத்துவாரம் இருந்தாலும், இரண்டும் உட்புறத்தில் ஒரே நீரால் இணைந்தவை. கடலுக்கும் இந்த உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கும் காட்டுப்பள்ளி, அலையும் காற்றும் சேர்த்துக் குவித்த மணலால் ஆன தடுப்புத் தீவு. மணல் மேடு, அதன் பின்னே உவர்நீர், அதன் கரையில் சேற்றுவெளி, அதற்கும் மேற்கே உப்பளம், பிறகு வயல் என்று அடுக்கடுக்காக அமைந்த நிலம் இது. வரைபடத்தில் பார்த்தால் எது நீர், எது நிலம் என்று கோடு போட முடியாத இடங்களே அதிகம். அப்படிப்பட்ட இடங்களைத்தான் அரசுக் கோப்புகள் வெறும் தரிசு என்று எண்ணிக்கொண்டன என்பது என் கணிப்பு.

கால்வாய்க்கும் இந்தக் கழிக்கும் உள்ள உறவு பழையது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டுவித்த கால்வாய் 1806-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் வடக்கே நீட்டப்பட்டு, 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நகரத்துக்குள்ளும் இணைக்கப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் நெல்லும் படகில் போன அந்த வழியில் இன்று பெரும்பாலும் வட சென்னையின் கழிவுநீரும் மணலி ஆலைகளின் வடிகால் நீருமே போகின்றன. தெற்கிலிருந்து கால்வாயில் எது வந்தாலும் முதலில் சேரும் இடம் எண்ணூர்தான்.

இனி ஓதத்துக்கு வருவோம். சென்னைக் கடற்கரையில் நாள்தோறும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவில் இருக்கும். அஷ்டமியை ஒட்டி அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். பல மீட்டர் உயரம் ஏறும் குஜராத்தின் காம்பே வளைகுடாவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய ஓதம். சிறியது என்பதாலேயே இங்கே ஒவ்வொரு அங்குலமும் கணக்கில் வருகிறது. உயரத்தில் கிடைக்காததைப் பரப்பில் ஈட்டினால்தான் இந்தக் கழிமுகம் பிழைக்கும்.

ஏன் என்பதை ஒரு எளிய கணக்கால் காட்டலாம். கடலில் ஒரு மீட்டராக இருக்கும் ஏற்றம் குறுகிய வாயின் வழியே உள்ளே வரும்போது தேய்ந்துவிடும் என்பதால், உள்ளே அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர கி.மீ. பரப்புள்ள சேற்றுவெளியில் அரை மீட்டர் நீர் ஏறினால் அது ஐந்து லட்சம் கன மீட்டர். அவ்வளவு நீரும் ஆறு மணி நேரத்துக்குள் முகத்துவாரத்தின் வழியே வெளியேறியாக வேண்டும். வெளியேறும் அந்த வேகம்தான் வாயில் படியும் மணலை அரித்துக் கடலுக்குள் தள்ளுகிறது. இதில் 100 ஏக்கரைக் கொட்டி நிரப்பினால், ஒவ்வொரு ஏற்றத்திலும் ஏறத்தாழ இரண்டு லட்சம் கன மீட்டர் நீர் உள்ளே வராமல் போகிறது. வராத நீர் வெளியேறவும் செய்யாது. வேகம் குறைந்தால் மணல் தங்கும். மணல் தங்கினால் வாய் குறுகும். வாய் குறுகினால் அடுத்த ஏற்றத்தில் உள்ளே வரும் நீர் இன்னும் குறையும். நிரப்பியவர் முகத்துவாரத்திலிருந்து ஐந்து கி.மீ. தள்ளி, யாருக்கும் தொல்லையில்லாத ஓர் உப்பளத்தைத்தான் நிரப்பியிருப்பார். ஆனால் அதன் விளைவு வாயில் தெரியும்.

வாய்க்கு வெளியே மணல் சும்மா இருப்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலம் முழுவதும் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலை இழுத்துக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் திசை மாறும். இந்தக் கரை மீனவர்கள் முன்னதைத் தெண்டி என்றும் பின்னதை வன்னி என்றும் சொல்வார்கள். இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. 1870-களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்துத் தின்றதும் பலர் அறிந்தவை. அதே கதை 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தோடு (இன்றைய காமராஜர் துறைமுகம்) சிறிய அளவில் மீண்டும் நடந்தது. துறைமுகம் முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே இருப்பதால், அதன் தெற்கு அலைதடுப்புச் சுவரில் மோதி நிற்கும் மணல் முகத்துவாரத்தின் பக்கமாகவே சேர்கிறது. சுவருக்கு வடக்கே காட்டுப்பள்ளிக் கரைக்கு மணல் பற்றாக்குறை. வெளியே மணல் கூடுவதும், உள்ளே அதைத் தள்ளும் நீர் குறைவதும் ஒரே காலத்தில் நிகழ்வது எண்ணூரின் தனிப்பட்ட கெடுவிதி.

கழிவெளியின் பரப்பைத் தின்றவை எவை என்று ரயில் ஜன்னலிலிருந்தே எண்ணிவிடலாம். 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், 1990-களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையம், பின்னர் வந்த வல்லூர் அனல்மின் நிலையம், இவற்றுக்கான நிலக்கரி வழித்தடங்கள், எண்ணெய்க் கிடங்குகள், சரக்குப் பெட்டக முனையங்கள், இவை எல்லாவற்றையும் இணைக்கும் உயர்த்தப்பட்ட சாலைகள். இந்தச் சாலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேற்றுவெளியின் குறுக்கே மண் கொட்டி ஒரு சாலை போட்டு, நடுவில் இரண்டு மூன்று குழாய்களைப் பதித்துவிட்டால், அந்தப் பக்கத்து நிலம் காகிதத்தில் நிரப்பப்படாததாகவே இருக்கும். ஓதமோ குழாய் விடும் அளவுக்குத்தான் போகும். அப்படி அரைகுறையாகத் துண்டிக்கப்பட்ட வெளிகளில் கண்டல் (அலையாத்தி) செடிகள் நுனியிலிருந்து காய்ந்து வருவதையும், அந்த இடத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொள்வதையும் நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

இன்னொரு நிரப்பல், யாரும் திட்டமிட்டுச் செய்யாதது. அனல்மின் நிலையச் சாம்பல் நீரில் கரைக்கப்பட்டுக் குழாய்கள் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் கழிவெளியின் மேலேயே ஓடி, பல ஆண்டுகள் பல இடங்களில் கசிந்தன. கசிந்த சாம்பல் சேற்றைப் போல மென்மையாகக் கிடக்காது. படிந்து, இறுகி, காலால் மிதித்தால் ஓடு போல உடையும் சாம்பல்நிறத் தளமாகிவிடுகிறது. அதில் நண்டு வளை தோண்டுவதில்லை, கண்டலின் மூச்சுவேர் முளைப்பதும் இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் இந்தப் படிவுகளை அகற்றிக் கழிவெளியை மீட்க உத்தரவிட்டது. காட்டுக்குப்பத்தில் கரையோரம் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "எண்ணெயும் ஆலைத் தண்ணியும்தானே அண்ணே பெரிய தொல்லை?" என்று ஒருமுறை கேட்டேன். "அது வரும், போவும் தம்பி. நெஞ்சளவு தண்ணியில நின்னு வலை போட்ட இடத்துல இப்ப முட்டிதான் நனையுது. மேடு எங்க போவும்?" என்றார். இந்தக் கட்டுரையில் நான் பத்தி பத்தியாகச் சொல்வதன் சாரத்தை அவர் கையிலிருந்த வலையை விடாமலேயே சொல்லிவிட்டார்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் சேற்றுவெளி, அருகில் போய்ப் பார்த்தால், ஓயாத இயக்கம் உள்ள இடம். அத்திப்பட்டு புதுநகர் ரயில் நிலையத்துப் பக்கமாக, வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போனால் நீர் பின்வாங்கிய சேற்றின் மேல் மெல்லிய பளபளப்பு இருக்கும். அசையாமல் நின்றால் சில நிமிடங்களில் வளைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஆண் பிடில் நண்டு, உடலளவுக்குப் பெரிதான ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தாழ்த்தி அசைக்கும். சிறிய கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, அதிலுள்ள பாசியையும் மட்கையும் சலித்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறு உருண்டைகளாக உமிழும். வளையைச் சுற்றிக் கடுகளவும் மிளகளவுமாகக் கிடக்கும் அந்த உருண்டைகளை அடுத்த ஏற்றம் கரைத்துவிடும். ஓரமாகச் சேற்றுத் தாவிகள் துடுப்பை ஊன்றித் துள்ளும்; மீனாக இருந்தும், தோலும் வாயும் ஈரமாக இருக்கும் வரை அவை காற்றிலேயே மூச்சு வாங்கிக்கொள்ளும்.

இங்குள்ள அலையாத்திகளில் பெரும்பாலானவை வெண்கண்டல். அதன் இலையின் அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மையாக இருக்கும். மேற்புறத்தை நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும். (தொடும் முன் எந்த இடத்து இலை என்று யோசித்துக்கொள்வது நல்லது.) வேரின் வழியே உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன, வெயிலேற ஏற அது பொடிப் படிகங்களாக மின்னும். காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுவிட முடியாது என்பதால், மரத்தைச் சுற்றிலும் விரல் தடிமனில் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்கள் செங்குத்தாக மேலே எழும். அவை வற்றத்தில் காற்றைப் பெற்று, ஏற்றத்தில் மூழ்கும். இடைவிடாமல் மூழ்கியே கிடந்தாலும், மூழ்காமலே இருந்தாலும் மரம் நலிந்துவிடும். சற்று உயரமான திட்டுகளில் உமரியும் வங்கராவாசியும் தரையோடு படர்ந்து, கோடையில் செந்நிறமாகச் சிவந்து நிற்கும். ஒரு சாண் உயர வேறுபாட்டில் செடிகளின் இனமே மாறுவதைப் பார்க்கும்போது, இந்த நிலத்தில் ஒரு லாரி மண்ணுக்கு என்ன பொருள் என்பது விளங்கும்.

இறாலின் வாழ்க்கையும் இந்த ஏற்றவற்றத்தோடு பிணைந்தது. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரித்து, பல உருமாற்றங்களைக் கடந்து, ஒரு செ.மீ. அளவுள்ள குஞ்சானதும் அது முகத்துவாரத்தைத் தேடி வரும். ஏற்றத்தின்போது நீரின் மேலடுக்குக்கு எழும்பி உள்நோக்கி மிதந்து, வற்றத்தின்போது அடியில் பதுங்கிக்கொள்வதால், நீந்தும் வலுவே இல்லாத அந்தக் குஞ்சு பல கி.மீ. உள்ளே வந்துவிடுகிறது. கண்டல் ஓரத்திலும் ஆழமற்ற கழியிலும் சில மாதங்கள் வளர்ந்த பின் முட்டையிட மீண்டும் கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும்கூட இப்படிக் கடலுக்கும் கழிக்கும் இடையே போய்வருபவைதாம். ஆகவே முகத்துவாரம் மணலால் அடைபடுவது ஆற்று மீனவருக்கு மட்டுமான இழப்பன்று. வெளிக்கடலில் இறால் பிடிப்பவருக்கும் அது ஒரு பருவத்தின் இழப்பு. இந்தக் கழியில் வலையும் படகும் இல்லாமல் இறால் பிடிப்பவர்களும் உண்டு. இருளர்கள் நீருக்குள் அமர்ந்தபடியும் தவழ்ந்தபடியும் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பனையோலைப் பறியில் போட்டுக்கொள்வார்கள். சேறு சாம்பலாகிவிட்டால் அந்தத் தொழிலுக்கு முதலே இல்லை.

அண்மை ஆண்டுகளில் சேற்றின் மேல் இன்னொரு போர்வையும் சேர்ந்திருக்கிறது. தென், நடு அமெரிக்கக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட ஒரு சிறு கருநிற மட்டி, கப்பல்கள் எடையைச் சமன் செய்ய நிரப்பிக்கொள்ளும் நீரோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுவது, ஆற்றின் தரையில் கம்பளம் போலப் படர்ந்துவிட்டது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். அது படர்ந்த இடத்தில் இறால் புதைய மணலும் கிடைக்காது, துழாவும் கைக்குத் தோலும் மிஞ்சாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து ஆலை எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூருக்கு வந்தபோது, அதை ஆற்றில் ஓடி முடிந்துபோகும் ஒரு விபத்தாகவே பலர் பேசினார்கள். ஓதம் உள்ள நீரில் எதுவும் ஒரே திசையில் போவதில்லை. வற்றத்தில் வாய் வரை போன படலம் ஏற்றத்தில் மீண்டும் உள்ளே வந்து கண்டல் ஓடைகளுக்குள் நுழைந்தது. மீனவர்கள் படகில் அமர்ந்து வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளினார்கள். கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்துக் கிடந்தன. பின்னர் அங்கு போனபோது, மரங்களின் அடித்தண்டுகளில் ஒரே உயரத்தில் ஓடிய கருங்கோட்டைப் பார்த்தேன். நீர் அன்று எதுவரை ஏறியது என்பதற்கு அளவுகோலே தேவைப்படவில்லை.

அந்த வெள்ளத்தையே ஓதத்தின் கண்ணிலிருந்தும் பார்க்கலாம். வங்கக் கடலின் இந்தப் பகுதியில் சராசரிக் கடல்மட்டம் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கோடைத் தொடக்கத்தில் தாழ்ந்தும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உயர்ந்தும் இருக்கும். ஆறு மிகுதியாகப் பெருகும் மாதங்களில்தான் கடலும் உயர்ந்து நிற்கிறது. புயல் என்றால் இன்னும் உயரும். பூண்டியும் புழலும் ஒருங்கே திறக்கப்பட்டு, வெளியே ஏற்றமாகவும் இருந்தால், வடிய வழியில்லாத நீர் சில மணி நேரம் எங்காவது காத்திருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பு அறைதான் சேற்றுவெளியும் உப்பளமும். அறையை நிரப்பிவிட்டால் நீர் மணலி புதுநகரிலும் சடையன்குப்பத்திலும் போய்க் காத்திருக்கிறது. 2015-இலும் 2023-இலும் அதுதான் நடந்தது.

முகத்துவாரத்தைத் திறந்து வைக்க அவ்வப்போது தூர்வாருவது நெடுங்காலமாக நடந்து வருகிறது. அண்மை ஆண்டுகளில் நிரந்தரக் கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டி வாயை நிலைநிறுத்தும் வழி முன்வைக்கப்பட்டது. சுவர் வெளியிலிருந்து வரும் மணலைத் தடுக்கும் என்பதில் ஐயமில்லை. படகுகள் போய்வர வசதியும் கிடைக்கும். ஆனால் சுவர்களுக்கு நடுவே உள்ள தடத்தின் ஆழத்தைக் காப்பது, உள்ளிருந்து திரும்பும் நீரின் அளவு. அதைப் பெருக்கச் சுவருக்கு ஆற்றல் இல்லை. கட்டும் பணத்தில் ஒரு பகுதியைக் குறுக்குச் சாலைகளின் குழாய்களை உடைத்துப் பாலங்களாக்குவதற்கும், சாம்பல் தளத்தை வழித்தெடுப்பதற்கும் செலவிட்டால், ஒவ்வொரு ஏற்றமும் ஊதியம் கேட்காமல் தூர்வாரிக் கொடுக்கும் என்பது என் எண்ணம். தூர்வாருவதிலும் ஒரு நிபந்தனை வேண்டும்: அள்ளிய சேற்றை அருகிலேயே கண்டலின் மேல் கொட்டிவிட்டு, ஆழப்படுத்திவிட்டோம் என்று கணக்குக் காட்டக் கூடாது.

நேரில் பார்க்க விரும்புவோர் சென்னை சென்ட்ரல் புறநகர் முனையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ரயிலில் அத்திப்பட்டு புதுநகரில் இறங்கலாம். ஜனவரி, பிப்ரவரியில், அமாவாசை கழிந்த ஓரிரு நாட்களில், வற்றம் பகல் வெளிச்சத்தில் விழுமாறு ஓத அட்டவணையைப் பார்த்துக் கிளம்பினால் சேற்றுவெளி முழுதாகத் திறந்திருக்கும். பறவைகளில் பவளக்கால் உள்ளானும் ஆலாவும் உறுதி, பூநாரைகள் வாய்த்தால் உண்டு. வழியில் நிழலோ தண்ணீரோ கிடைக்காது. சாம்பல் குழாய்களின் ஓரமாகவும் நிலக்கரி லாரிகள் போகும் சாலையிலும் நடக்க நேரும் என்பதால், செருப்புக்குப் பதில் ஷூவும் மூக்குக்கு ஒரு துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.